அம்பு தவறிய அடுத்த நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்காலம் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவிலும், நம் குவாசுலு-நடாலின் வடக்கே உள்ள முள்காடுகளிலும் புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி வரும் மாதங்கள் இவை. டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கமிருந்து வில்லோடு வேட்டைக்குக் கிளம்பும் தம்பிமார் சிலரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அம்பு தவறான இடத்தில் பட்டுவிட்டால் அடுத்த நிமிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வழக்கமான பதில்கள் நமக்குத் தெரியும். நடுவில் ஒரு குச்சி இருந்தது, வில் சரியாக அமையவில்லை, மான் குனிந்துவிட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான்.

மான் குனிவது உண்மை. நல்ல காம்பவுண்ட் வில்லின், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த இக்கால வில்லின், அம்பு நொடிக்கு 85 மீட்டர் அளவில் போகும். நாணின் ஓசை நொடிக்கு 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் இம்பாலா மானுக்கு, ஓசை கேட்ட பிறகும் அம்பு வந்து சேரக் கால் நொடி இருக்கிறது. பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்த அது போதும். இதயத்துக்கு வைத்த குறி முதுகில் ஏறிவிடும். இதெல்லாம் வில் பிடித்தவர்களுக்குத் தெரியாத செய்தியா? தலை நிமிர்ந்து, காதை விடைத்துக்கொண்டு நின்ற மானின் மேல் அத்தனை தூரத்திலிருந்து விடலாம் என்று முடிவு செய்தது நீங்கள்தானே?

அமெரிக்க வீடியோவில் காட்டிய இடத்தில்தான் குறிவைத்தேன் என்பதும் அப்படியே. நம் ஊர் மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக இருக்கின்றன. அங்கே பழகிய குறி இங்கே குடலில் போய் முடியும்.

சரி, பட்டுவிட்டது. இனிமேல்தான் உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு. அம்பு பட்ட விலங்கு ரத்தம் வடிந்துதான் சாகிறது. நுரையீரலில் பட்டிருந்தால் அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கல்லீரல் என்றால் மூன்று நான்கு மணி நேரம். குடல் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். தடம் பார்க்கும் சுலு பெரியவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே, எங்கே பட்டது என்பதுதான். வெட்கப்பட்டுக்கொண்டு, “தோளுக்குப் பின்னால், நல்ல அடி ஐயா” என்று சொன்னீர்களென்றால் அவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார். குடலில் பட்ட விலங்கு பெரும்பாலும் பக்கத்துப் புதரில்தான் படுத்திருக்கும். ஆள் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடும். கிலோமீட்டர் கணக்கில் போகும், ரத்தத்தடமும் அற்றுப்போகும். அப்புறம் எங்கோ கிடந்து இரவெல்லாம் துடிக்கும். அந்த வேதனை முழுவதும் உங்கள் ஒரு பொய்யால் வந்தது. எனக்குப் பொறுக்கவே முடியாதது இதுதான். கை தவறுவது யாருக்கும் நடக்கும்; இது வாயால் செய்வது.

அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அம்பைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுங்கள். இளஞ்சிவப்பு நுரை இருந்தால் நுரையீரல். கறுத்த ரத்தம் கல்லீரல். பச்சையாக, மென்ற புல்லோடு நாறினால் வயிறு. நீங்கள் மறைத்தாலும் அம்பு மறைக்காது.

காயப்பட்டுக் கிடைக்காமல் போன விலங்குக்கும் முழு விலை கொடுப்பது இந்த நாட்டுப் பண்ணைகளில் வழக்கம். பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த மானுக்குப் போவோமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டு, பெரியவருக்குப் பின்னால் நடந்து நீங்களும் தேடுங்கள். இருட்டிவிட்டால் மறுநாள் காலை மறுபடியும் போங்கள். கிடைக்கவில்லை என்றால் பண்ணைக்காரரிடம் நீங்களே நேரில் போய், எந்த இடத்தில், எந்த விலங்கு, எப்படி அடிபட்டது என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம் கழுகு வட்டமிட்டால் எதைத் தேடுவதென்று அவருடைய ஆட்களுக்குத் தெரியும்.