மொய் எழுதிவிட்டா பந்தியில் உட்காருகிறோம்?

நடுவர் அவர்களுக்கும், தருமபுரி பெருமக்களுக்கும், என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம். பாராட்ட வேண்டியவர்களை எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் பாராட்டிவிட்டார்கள். அதில் என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு இதுதான்: இணையமோ நேரில் கூடும் கூட்டமோ, பொதுவில் ஒருவர் கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் பெயரைப் பதிந்து உறுப்பினராக வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பது எங்கள் கட்சி. வழியில் போகிறவரும் கேட்கலாம், கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எதிரணிப் பேராசிரியர் ஐயா சற்று முன் ஒரு வரி சொன்னார். "பெயர் பதியாமல் கேள்வி கேட்பவன், மொய் எழுதாமல் பந்தியில் உட்காருகிறவன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் மறக்கவில்லை, அதற்கு வருகிறேன். அதற்கு முன் என் தாய்மாமா கதையைச் சொல்லிவிடுகிறேன். நடுவர் மணியை அடிப்பதற்குள் இதையாவது முடித்துவிட வேண்டும்.

மாமாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா மரங்கள், மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். ஒரு தை மாதம் மரம் முழுக்கப் பூ. மாமா மனக்கணக்கில் பேத்திக்கு வளையல்கூட வாங்கிவிட்டார். பத்து நாளில் பூ உதிரத் தொடங்கியது. இலையைத் தொட்டால் வெல்லப்பாகு சிந்திய மாதிரி பிசுபிசுப்பு. அப்புறம் அந்தப் பிசுபிசுப்பின் மேல் அடுப்புக்கரி பூசியது போலக் கறுப்பு. கிருஷ்ணகிரியில் விவசாயிகள் கூட்டம், வல்லுநர் வருகிறார், கேள்வி நேரம் உண்டு என்று கேள்விப்பட்டுக் கறுத்த இலை நான்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வாசலில் மேசை. மேசையில் கணினி. கணினிக்குப் பின்னால் ஒரு தம்பி. பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் மாமா பதில் சொன்னார். சர்வே எண் கேட்டான். "ஏரிக்கு மேற்கே" என்றார். அதையும் எழுதிக்கொண்டான். கடைசியாகச் செல்பேசி எண். வீட்டுக்கு ஒரே போன், அது அத்தையிடம் இருக்கிறது. எண்ணைச் சொன்னார். "ஐயா, அந்த போனுக்கு ஓடிபி போயிருக்கும். அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன்" என்றான் தம்பி.

மாமா அந்தத் தம்பியின் போனையே வாங்கி வீட்டுக்கு அழைத்தார்.

"நான்தான் பேசுகிறேன். போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்லு."

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தைக்கு வங்கியில் பாடம் நடத்தியிருந்தார்கள்: யார் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள், சொந்தக்காரர் என்பார்கள், நம்பாதீர்கள். அத்தை எதையும் ஒருமுறை கேட்டால் கேட்டதுதான்.

"யார் நீ?"

"உன் வீட்டுக்காரன்."

"என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் கூட்டத்தில் இருக்கிறார்."

"அந்தக் கூட்டத்திலிருந்துதான் பேசுகிறேன்!"

"அவர் போன் என் கையில் இருக்கிறது. நீ எந்த போனில் பேசுகிறாய்? உழைத்துப் பிழைக்கத் தெரியாதா உனக்கு?"

இணைப்பு போய்விட்டது. மாமா மறுபடி அழைத்தார். அத்தை இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு சோதனை வைத்தார். "நீ என் வீட்டுக்காரர்தான் என்றால், என் பிறந்தநாள் என்றைக்கு, சொல்லு பார்க்கலாம்."

மாமா வானத்தைப் பார்த்தார். கணினித் தம்பியைப் பார்த்தார். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? பின்னால் வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்தார். எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னார்: "தெரியாது."

"சரி, நீங்கள்தான்" என்றார் அத்தை. "ஏமாற்ற வருகிறவன் என்றால் விசாரித்துக்கொண்டு வந்திருப்பான்."

பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று கை காட்டுகிறார்கள். ஒலிபெருக்கிக்காரர் கவனிக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன். பிறந்தநாள் தெரியாது என்றவுடன் அத்தைக்கு ஆள் யார் என்று உறுதியாகிவிட்டது! ஆதாரில் கைரேகை உண்டு, கருவிழி உண்டு. இந்த அடையாளம் அதில் இல்லை. எதிரணி ஆசிரியை அம்மா இவ்வளவு சிரிக்கிறார்கள். அம்மா, இன்று இரவு வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சரியாக வந்தால் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

அத்தை எண்ணைச் சொன்னார். தம்பி தட்டினான். "நேரம் கடந்துவிட்டது ஐயா, புதிதாக அனுப்பவா?"

மாமா உள்ளே போனபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் முறைப்படி பெயர் பதிந்து, ஓடிபி சொல்லி, கேள்வி கேட்கும் முழு உரிமையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றிப் பிறகு தெரிந்தது. பதிவேட்டில் அவர் பெயர் "அதியமான் நெடுமான் அஞ்சி". ஊர் தகடூர். போன் எண் மட்டும் அவர் மைத்துனருடையதாம். கேள்வி நேரத்தில் அதியமான் எழுந்து நின்று கேட்ட ஒரே கேள்வி: "சாப்பாடு எப்போது?"

பெயர் கேட்டால் பொறுப்பு வரும் என்றீர்களே ஐயா, வந்தது பாருங்கள்.

மாமா விடவில்லை. ஜீப்பில் ஏறப் போன வல்லுநரை மறித்து இலையை நீட்டினார். அவர் இலையைத் திருப்பிப் பார்த்து, "தத்துப்பூச்சி. பூங்கொத்தில் சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கிற பிசின்தான் இந்தப் பிசுபிசுப்பு, அதன் மேல் வளர்வது கரும்பூசணம். இலை கறுத்த பிறகு பார்த்தால் நேரம் போய்விட்டது என்று பொருள். பூங்கொத்து தலை நீட்டும்போதே கவனிக்க வேண்டும்" என்றார். அரை நிமிடம். மாமாவின் பெயரை அவர் கேட்கவில்லை, அவர் பெயரை மாமாவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நான்கு விவசாயிகள் கேட்காமலேயே பதிலைப் பெற்றுக்கொண்டார்கள்.

இப்போது மொய்க்கு வருகிறேன்.

பேராசிரியர் ஐயா, நீங்கள் போகும் கல்யாணங்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் முதலில் சாப்பாடு, பிறகுதான் மொய். இலை போட்டவர் "பெயர் என்ன, இனிஷியல் என்ன" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்றுதான் கேட்பார். பந்தி வாசலில் ஒருவரை நிறுத்தி, "நீங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெண்ணின் பெரியப்பாவாகத்தான் இருப்பார். அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவர் அடுத்த காதுகுத்துக்கும் வரமாட்டார். எந்தக் கல்யாணத்திலும் பஸ் நிலையத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்த ஒருவர் இருப்பார். இளவட்டங்கள் அவரை எழுப்பப் போவார்கள். வீட்டுப் பெரியவர் கண்ணைக் காட்டுவார்: சாப்பிடட்டும், விடு. அந்தப் பெரியவர் பக்கம் நிற்கிறோம் நாங்கள்.

அதோடு, மொய் என்றால் என்ன ஐயா? கூடியிருப்பவர்களுக்கு உதவ நாம் கொண்டு வருவது. முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து "என் இலை ஏன் கறுக்கிறது?" என்று கேட்டால், அதே இலையை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் பதில் கிடைக்கிறது. அவர் கேள்விதான் அவர் எழுதிய மொய். அதை வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் பெயர் நோட்டில் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள்! நாற்பது பேர் இலவசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு, கொடுத்தவரைத் துரத்துகிறீர்கள்.

கைதட்டலுக்கு நன்றி. முன்பு அந்தப் பக்கம் தட்டியவர்களும் இப்போது தட்டுவதைக் கவனித்தேன். கணக்கு நேர்.

ஆசிரியை அம்மா இணையத்தைச் சொன்னார்கள். 2005 டிசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவே பதிவு செய்யாதவர்களைப் புதுக் கட்டுரை தொடங்கவிடாமல் நிறுத்தியதே என்றார்கள். உண்மைதான். கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் "இது சரியா?" என்று கேட்பதை நிறுத்தவில்லையே. எழுதுகிறவருக்கு வைத்த பூட்டைக் கொண்டுவந்து கேட்கிறவர் வாயில் மாட்டுகிறீர்கள். விளம்பரக் குப்பை கொட்டும் இயந்திரங்கள் புகுந்துவிடும் என்றார்கள். அதற்கும் பெயர் தேவையில்லை, மனிதரா என்று தெரிந்தால் போதும். கோணல் எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்வார்களே, ரீகேப்ட்சா, 2007-இல் வந்தது. அதில் காட்டிய சொற்கள் பழைய புத்தகங்களிலும் நியூயார்க் டைம்ஸ் இதழின் பழைய பக்கங்களிலும் இயந்திரத்துக்குப் புரியாமல் போன சொற்கள். உலகம் முழுவதும் பெயர் சொல்லாதவர்கள் ஆளுக்கு ஒரு சொல்லாகப் படித்துக் கொடுத்தார்கள். அதுவும் மொய்தான். வசைபாடுகிறவர்களைப் பற்றிப் பயம் என்றால், கூட்டம் நடத்துகிறவர் எதற்கு இருக்கிறார்? வசையை நீக்கட்டும்.

அரசாங்கமே நம் கட்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(2): ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது, பதில் அனுப்பத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரம் கேட்கக் கூடாது. பத்து ரூபாய் கட்டணத்தில் அரசாங்கத்தையே கேள்வி கேட்கலாம். மாந்தோப்புப் பூச்சியைப் பற்றிக் கேட்க ஓடிபி வேண்டுமாம்.

அதியமான் ஆண்ட இந்தத் தகடூர் மண்ணில் நின்று ஔவையைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அதியமான் பரிசு தரத் தாமதம் செய்கிறான். புறநானூற்றில் ஔவை வாயிற்காவலனிடம் கேட்கிறார்: உன் அரசன் தன்னை அறியாதவனா, என்னை அறியாதவனா? கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டுகிறார். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே." ஔவைக்கு எந்தத் திசையிலும் சோறு இருந்தது. நம் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவருக்கு எந்தத் திசையில் என்ன இருக்கிறது? மருந்துக் கடை இருக்கிறது. எந்த மருந்து விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ, அதுதான் அன்றைக்கு அவர் தோப்புக்குத் தீர்வு.

நடுவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், இன்னும் அடிக்கவில்லை.

மாமா கதைக்குச் சிரித்தீர்கள். அதே ஓடிபியை வேறொரு வீட்டில் வைத்துப் பாருங்கள். நம் மலையோரக் கிராமம் ஒன்று. பதினைந்து வயதுப் பெண். பத்தாம் வகுப்பு. அடுத்த வாரம் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது புதிய செய்தி இல்லை, தலையைக் குனிய வேண்டாம், நானும் இந்த ஊர்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கேள்வி இருக்கிறது: "எனக்கு இஷ்டம் இல்லை, இதை யாராவது நிறுத்த முடியுமா?" எங்கேயாவது கேட்கப் பார்க்கிறாள். பெயரைப் பதி என்கிறார்கள், பதிகிறாள். எண்ணைக் கொடு என்கிறார்கள். வீட்டில் ஒரே போன். ஓடிபி எங்கே போகும்? அப்பாவின் சட்டைப் பைக்குப் போகும். எந்த மனிதருக்குத் தெரியக்கூடாது என்று அவள் நினைக்கிறாளோ, அவர் கைக்கு அவள் கேள்வி போய்ச் சேரும்.

அதனால்தான் குழந்தைகள் உதவி கேட்க, பத்து ஒன்பது எட்டு என்று ஓர் எண் இருக்கிறது. 1098. 1996-இல் மும்பையில் தொடங்கியது. அதில் அழைக்கக் காசு வேண்டாம், உறுப்பினர் அட்டை வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருக்கும், அடுத்தமுறை போகும்போது பாருங்கள்.

இன்னும் ஒன்று. பேச நினைக்கவில்லை, பேசுகிறேன். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று அரசாங்கம் ஒரு தொட்டில் வைத்தது. 2001-இல் தருமபுரிக்கும் அந்தத் திட்டம் வந்தது. கிருஷ்ணகிரியும் அப்போது இந்த மாவட்டம்தான். பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பாலும் நெல்மணியும் தேடிய காலம். அந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம். பெயர் சொல்ல வேண்டாம். ஊர் சொல்ல வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு மேசை போட்டு, ஒரு பதிவேடு வைத்து, "அம்மா, தகப்பனார் பெயர்?" என்று கேட்டிருந்தால், எத்தனை பேர் அந்தப் படியேறி இருப்பார்கள், பேராசிரியர் ஐயா?

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து "என்னைப் பெற்றவள் யார்?" என்று கேட்டால் என்ன பதில், பெயர்தான் இல்லையே என்பீர்கள். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை உயிரோடு நின்று கேட்கிறாளே ஐயா!

வணக்கம்.