பாட்டியின் மார்கழிப் பேச்சில் இருப்பது கணக்கு

(தலைப்பு: "மார்கழிக் குளிரில் பாட்டி பேசும் பழைய பேச்சு வெறும் ஏக்கமா, வீட்டுக்கு வேண்டிய அறிவா?" – 'அறிவே' என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில உட்கார்ந்திருக்கற சொந்தங்களுக்கும், பனியைப் பார்க்காம சால்வையைப் போர்த்திட்டு வந்திருக்கற பெரியவங்களுக்கும் வணக்கமுங்க.

எதிரணியில முதல்ல பேசுனவர் ஒரு காட்சியைச் சொன்னாரு. மார்கழி மாசம், திண்ணையில ஒரு ஆத்தா, மடியில பாதி பின்னுன ஒயர் கூடை. மகன் பெங்களூர்ல, பேத்தி கனடாவுல. ஆத்தா "அந்தக் காலத்துல"ன்னு ஆரம்பிக்கறாங்க. இது ஏக்கமில்லாம வேற என்னன்னு கேட்டாரு. அடுத்து வந்த அம்மணி, மாவும் தயிரும் பாக்கெட்ல வருது, கோலம் ஸ்டிக்கர்ல வருது, மிச்சமெல்லாம் யூடியூப்ல இருக்குது, பாட்டி பேச்சுக்கு இனி என்ன வேலைன்னு கேட்டாங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. "அந்தக் காலத்துல"ன்னு ஆத்தா ஆரம்பிச்சா, முடிக்கற வரைக்கும் உட்கார்ந்து கேட்டீங்களா? முடிக்கற எடத்துல ஒரு அளவு நிக்கும். இத்தனை உழக்கு, இத்தனை பொழுது, வெயில் காலத்துக்கு இப்படி, பனிக் காலத்துக்கு அப்படின்னு வரும். நீங்க ஆரம்பத்தைக் கேட்டுட்டு ஏக்கம்னு எழுந்து போயிட்டீங்க. நாங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டு வந்து பேசறோம்.

மாவுலயே ஆரம்பிக்கறேன். கோயமுத்தூர்ல தை மாச விடியக்காலையில குளிர் 19 டிகிரியை ஒட்டி நிக்கும். மத்தியானம் 30ஐத் தொடும். இட்லி மாவு நல்லாப் பொங்கறதுக்கு ராத்திரி முழுக்க ஒரு 28, 30 டிகிரி சூடு வேணும். அதனாலதான் சித்திரையில 8 மணி நேரத்துல பொங்கி வழியற அதே மாவு மார்கழியில 12 மணி நேரம் ஆனாலும் அசையாம கிடக்குது. ஆத்தா என்ன சொல்லுவாங்க? "பனிக் காலத்துல ராத்திரியே உப்புப் போட்டுப்போடாத கண்ணு, காலையில போட்டுக்க." உப்பு புளிப்பை மெதுவாக்கும். வெயில் காலத்துல அது நமக்கு நல்லது, மாவு அடங்கி நிக்கும். குளிர் காலத்துல அதுவே கெடுதல். கேக்கறதுக்குச் சின்ன விசயம், ஆனா பாக்கெட் மாவுக்காரங்க உறை மேல இதை எழுதறதில்லீங்க.

இன்னும் இருக்குது. அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டும்போது தெளிக்கற தண்ணி சித்திரையில பச்சைத்தண்ணி, மார்கழியில வெதுவெதுப்பு. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாம, சாக்கைச் சுத்தி, தணல் அவிஞ்ச அடுப்புக்குப் பக்கத்துல வெக்கோணும். இன்னைக்கு விறகடுப்பு இல்லீங்க. சரி, சுவிட்சைப் போடாம, சும்மா மூடுன மைக்ரோவேவுக்குள்ள ஒரு சொம்பு வெந்நியோட மாவுப் பாத்திரத்தை வெச்சுப் பாருங்க. அடுப்போரம் செஞ்ச வேலையை அந்தப் பொட்டி செஞ்சு குடுக்கும். ஆத்தா சொன்னது அடுப்பைப் பத்தி இல்ல, சூட்டைப் பத்தி.

தயிரும் அப்படித்தான். அரை லிட்டர் பாலுக்கு வெயில் காலத்துல அரை ஸ்பூன் உறை மோர் போதும். மார்கழியில ஒன்றரை ஸ்பூன் வேணும். பால் எவ்வளவு சூட்டுல இருக்கோணும்? சுண்டு விரலை உட்டா பொறுக்கற சூடு, ஏறக்குறைய 40 டிகிரி. கை பொறுக்காத கொதி சூட்டுல ஊத்துனா உறையில இருக்கற உயிர் செத்துப்போகும். முழுசா ஆறவிட்டு ஊத்துனா விடிஞ்சும் பால் பாலாவே நிக்கும். ஊத்துன பொறகு பாத்திரத்தை மூடி அரிசித் தவலைக்குள்ள புதைச்சு வெப்பாங்க. அரிசி சூட்டை வெளியில விடாது. தெர்மாமீட்டர் இல்லாத சமையலறையில சுண்டு விரல்தான் தெர்மாமீட்டருங்க.

இடியாப்பம் மாதிரி இழையாப் பிழியற சந்தகையையும் சொல்லாம விட முடியாது. கொங்கு நாட்டுல பெரியவங்க கூடற வீட்டுல சந்தகை இல்லாம எப்படி? புழுங்கலரிசியை 4 மணி நேரம் ஊறவெச்சு, உளுந்து சேர்க்காம, தண்ணி கம்மியா வெண்ணெயா ஆட்டி, இட்லியா ஊத்தி வேகவெச்சு, சூடு ஆறாம அச்சுல போட்டுப் பிழியோணும். மாவுல தண்ணி மிஞ்சுனா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இட்லி ஆறிப்போனா மாவு இறுகி, பிடி திரும்பாது, திரும்புனாலும் இழை துண்டு துண்டா விழும். பனிக் காலத்துல தட்டுல எடுத்து வெச்ச ரெண்டாவது நிமிசமே ஆற ஆரம்பிச்சுரும். அதனால ஒருத்தர் ஆவியோட எடுத்துப் போடோணும், ஒருத்தர் பிழியோணும். "சந்தகைக்கு ரெண்டு ஆள் வேணும், மருமகனைக் கூப்புடு"ன்னு ஆத்தா சொல்றது பாசமும்தான், வேலையோட தேவையும்தான்.

சரி, சமையலைத் தாண்டி வாங்க. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலியில அவரைப் பந்தல். "பனி விழுந்தாத்தான் அவரை பூக்கும்"னு ஆத்தா சொல்லுவாங்க. எதிரணித் தலைவர் இதைப் பழைய நம்பிக்கைன்னாரு. இல்லீங்க. நம்ம நாட்டுப் பந்தல் அவரை, பகல் நேரம் குறைஞ்சாத்தான் மொட்டு வைக்கும். ஆடியில ஊனுன கொடி புரட்டாசி வரைக்கும் தழையாவே ஓடும். ராத்திரி நீள நீளப் பூ வரும், மார்கழி, தையில கொத்துக் கொத்தாக் காய்க்கும். அதே விதையைத் தை மாசம் ஊனுனா என்ன ஆகும்? அடுத்த குளிர் காலம் வரைக்கும் இலையை மட்டும் பார்த்துட்டு இருக்கோணும். பனி விழற காலமும் ராத்திரி நீள்ற காலமும் ஒண்ணு. ஆத்தா கண்ணுக்குத் தெரியற அடையாளத்தைச் சொன்னாங்க, அடையாளம் சரியா இருக்குது. வருசம் முழுக்கக் காய்க்கற செடி அவரையெல்லாம் பின்னாடி வந்த ரகம், அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதுல இன்னைக்கு ஒரு புதுச் சிக்கலும் இருக்குதுங்க. தெருவுல எல்இடி விளக்குப் போட்ட பொறகு அதுக்கு நேர் கீழ இருக்கற பந்தல்ல பூ தள்ளிப்போகும். ராத்திரி நெடுக வெளிச்சம் பட்டா கொடிக்கு இருட்டு போதாது. உரம் பத்தலைன்னு நெனச்சு யூரியாவை அள்ளிப் போட்டா தழை இன்னும் அதிகமாகும், பூ இன்னும் தள்ளிப்போகும்.

பூ வந்ததும் கூடவே சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சி வரும். கொழுந்துலயும் பிஞ்சுலயும் கருப்பா மொய்ச்சுக்கிட்டு நிக்கும், கொடியில எறும்பு ஏறி இறங்கும். அதுக்கு ஆத்தா விடியக்காலையில சலிச்ச அடுப்புச் சாம்பலைத் தூவுவாங்க. ஏன் விடியக்காலை? இலை மேல பனி ஈரம் இருந்தாத்தான் சாம்பல் பிடிக்கும். வெயில் ஏறுன பொறகு தூவுனா காத்துல பறந்து நம்ம கண்ணுக்குள்ளதான் வரும். இலையோட அடிப்பக்கமும் படோணும், பூச்சி அங்கதான் உட்கார்ந்திருக்கும். ரொம்பப் பரவிப்போன கொழுந்தைக் கிள்ளித் தூரத்துல போட்டுரோணும்.

அடுத்தது வாசல். ஸ்டிக்கர் கோலம் இருக்குதுன்னு அம்மணி சொன்னாங்க. 15 புள்ளி வெச்சு, ஊடுபுள்ளியா 8 வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துனா மொத்தம் எத்தனை புள்ளி? 169. 7 புள்ளி ஊடுபுள்ளி 4 வரைக்கும்னா 37. காகிதத்துல எழுதாம, அஞ்சு மணி இருட்டுல, நடுவரிசையை முதல்ல வெச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளியாக் குறைச்சு, கடைசிப் புள்ளி வரைக்கும் பிசகாம வெக்கறாங்க. கம்பிக் கோலத்துல ஒரு புள்ளி தப்புனா இழை வந்து சேராது, எங்க தப்புச்சுன்னு பின்னாடியே தேடிப் போகோணும். இந்தக் கணக்கைப் பத்தித்தான் 1974ல சென்னை கிறித்தவக் கல்லூரியோட கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூணு பேரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுனாங்க. கோலத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியற இலக்கண விதியா எழுத முடியும்னு காட்டுனாங்க. பேராசிரியர்கள் இலக்கணம் எழுதற அளவுக்கு அந்த வாசல்ல விசயம் இருந்துச்சுங்க.

வாசல் தெளிக்கறதுலயும் பக்குவம் இருக்குது. சாணித்தண்ணி தேங்கி நின்னா மாவு ஊறி இழை தடிச்சுப்போகும். மண்ணு காஞ்சிருந்தா காத்து கொண்டுபோயிரும். தெளிச்சு, ஈரம் உள்ள இறங்குன பொறகு மாவை எடுக்கோணும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், பொள்ளாச்சி, கிணத்துக்கடவுல, மார்கழிக் காத்து வறட்சியா இழுக்கும். அங்க கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஆரம்பிச்சுரோணும்.

சாணிப் பிள்ளையார் தலையில வெக்கற பூசணிப் பூவைப் பறிக்கறதுக்கும் ஒரு கணக்கு உண்டு. பூவுக்கு அடியில சின்ன உருண்டைப் பிஞ்சு இருந்தா அது பொட்டைப் பூ, அதைத் தொடக்கூடாது. மெலிசா நீளக் காம்புல நிக்கறது ஆண் பூ, அதைப் பறிக்கலாம். அதுலயும் கொடிக்கு நாலஞ்சு ஆண் பூவை விட்டு வெக்கோணும். மகரந்தம் இல்லாம வண்டு வந்து என்ன பண்ணும்? மாசம் முழுக்கப் பூப் பறிச்சும் மாசியில அதே கொடியில காய் இறக்கறாங்கன்னா இந்தக் கணக்குதானுங்க காரணம்.

இப்ப எதிரணியோட பெரிய வாதத்துக்கு வர்றேன். பழசெல்லாம் பொற்காலம்னு பாட்டி புலம்பறாங்களாம். அப்படிப் புலம்பறவங்களா இருந்தா ஆட்டுக்கல்லை விட்டிருப்பாங்களா? வெட் கிரைண்டர் நம்ம கோயமுத்தூர்ல பிறந்தது. 1955ல பி. சபாபதி உருவாக்குனாரு. அதைத் தமிழ்நாடு முழுக்க வீட்டுக்குள்ள கூட்டி வந்தது யாரு? அன்னைக்கு மருமகளா இருந்த இன்னைக்குப் பாட்டிமாருங்க. தோள்பட்டை வலியும் புகையடுப்பும் திரும்பி வரோணும்னு எந்த ஆத்தாளும் கேக்கல. நாங்களும் கேக்கல. அந்த உழைப்புல பாதி அநியாயமா அவங்க தலையில மட்டும் விழுந்துச்சுன்னு இந்த மேடையிலயே சொல்றேன். கல்லை விட்டுட்டாங்க, அளவை மட்டும் கையில வெச்சுக்கிட்டாங்க. எதை விடலாம், எதை வெச்சுக்கலாம்னு பிரிக்கத் தெரிஞ்சவங்களை ஏக்கம் புடிச்சவங்கன்னு எப்படிச் சொல்றீங்க?

தனிமை இருக்குது. மகன் வீட்டுல இல்லாத வருத்தம் இருக்குது. மறைக்க வேண்டியதில்ல. ஆனா பழசை நெனைக்கறதே மனசு தளர்ந்ததுக்கு அடையாளம்னு சொன்னீங்களே, அதை ஒத்துக்க முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லயே எழுதிட்டாரு: வயசானவங்க தங்களோட வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கறது நோய் இல்ல, இயல்பான மனவேலைன்னு.

அந்த மடியில இருந்த ஒயர் கூடையையும் பாருங்க. அதைப் பொழுதுபோக்குன்னு ஒதுக்கிட்டீங்க. நெல்லிக்காய் முடிச்சாகட்டும், சிவன் கண்ணாகட்டும், இழுப்பு எல்லா முடிச்சுலயும் ஒண்ணா இருக்கோணும். ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளர்ந்தா கூடை சாஞ்சு நிக்கும். அடி போட்டதும் தரையில வெச்சுப் பார்க்கோணும். ஆடுச்சுன்னா அப்பவே பிரிச்சுரோணும், நாலு வரிசை மேல ஏறுன பொறகு சரி பண்ண முடியாது. பேசிக்கிட்டே பின்னுறாங்க, கை இழுப்பு மாறல. இதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான் கத்துக்க முடியும்.

வீடியோ இருக்குதேன்னு கேட்டீங்க. இருக்கட்டுமுங்க, நல்லதுதான். ஆனா வீடியோவுல பேசறவங்களுக்கு உங்க வீட்டுப் பால் எத்தனை மணிக்கு வருது, உங்க அரிசி எவ்வளவு பழசு, உங்க பந்தல் மேல எந்த விளக்கு எரியுதுன்னு தெரியாது. "ஏங்கண்ணு, மாவு பொங்கலையா? சன்னலைச் சாத்தாம வெச்சிருப்ப"ன்னு பார்க்காமலே சொல்ல, அந்த வீட்டுல நாப்பது மார்கழி இருந்தவங்களாலதான் முடியும்.

மணி அடிச்சுட்டீங்க, கடைசியா விதை. எதிரணியில அடுத்துப் பேசப்போறவங்க இதுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசட்டும். உங்க வீட்டு அவரையில விதைக்கு எந்தக் காயை விடறதுன்னு யாருக்குத் தெரியும்? முதல் காய்ப்பும் வேண்டாம், கடைசிக் காய்ப்பும் வேண்டாம். நடுக் காய்ப்புல, நோவில்லாத கொடியில, நல்லாத் திரண்ட காயை அடையாளத்துக்கு நூல் கட்டி விடோணும். கொடியிலயே காஞ்சு, வெடிக்கறதுக்கு முன்னாடி பறிச்சு, பல்லுல கடிச்சா படக்குன்னு உடையற பதம் வரைக்கும் காயவெச்சு, சலிச்ச சாம்பல்ல பொரட்டிப் பானையில கட்டோணும். மாசாமாசம் அமாவாசைக்கு எடுத்து வெயில் காட்டோணும். பயறு வண்டு முட்டையில இருந்து வண்டாகி வர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். மாசம் ஒரு வெயில் பட்டா அது பெருகாது. இதை ஆத்தாகிட்டக் கேக்கறதா இருந்தா தை முடியறதுக்குள்ள கேட்டுருங்க. நூல் கட்ட வேண்டிய காய் இப்பத்தான் கொடியில நிக்குது.

வணக்கமுங்க.