கீறல் நிஜம், ஆபரேஷன் பொய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர், ஜவ்வு கிழிஞ்சிருக்காம். எப்ப ஆபரேஷன்?" முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பலர் உட்காரும் முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஜவ்வு என்று இங்கே சொல்வது, முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸை. கிழிந்ததைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்பது சட்டை தைக்கிற கணக்கு. அந்தக் கணக்குக்கு முழங்கால் அடங்குமா என்று சோதித்துப் பார்த்தவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் இருந்தார். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணிக்கும் அவர்தான் டாக்டர். சாதாரணக் கை இல்லை! மூட்டுத் தேய்மானத்துக்குச் சின்னத் துளை போட்டு, ஆர்த்ராஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, உள்ளே கழுவிச் சுரண்டிவிடுவது அப்போது அங்கே வழக்கம். அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு 6,50,000-க்கும் மேல் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர். மோஸ்லிக்கு ஒரு குடைச்சல். வலி குறைவது நாம் சுரண்டுவதாலா, சுரண்டினார்கள் என்று நோயாளி நம்புவதாலா?

180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சுரண்டல், ஒரு பிரிவுக்கு வெறும் கழுவல், மூன்றாவது பிரிவுக்குப் பொய் ஆபரேஷன். யாருக்கு எது என்பது அறுவை அரங்கில் உறையைப் பிரிக்கும்வரை மோஸ்லிக்கே தெரியாது. பொய் என்று வந்தால் அரைமயக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்து, தோலில் மட்டும் மூன்று கீறல் போடுவார். பிறகு நாடகம் தொடங்கும். கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார், கழுவுகிற சத்தம் கேட்கத் தண்ணீரைத் தெறிக்கவிடுவார். உண்மையான ஆபரேஷனுக்கு ஆகிற நேரம் இதற்கும் ஆகும். அன்றிரவு வார்டில் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கும் விஷயம் தெரியாது.

ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 'எனக்குப் பொய் அறுவை மட்டுமே நடக்கலாம்' என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகே சேர்த்தார்கள். தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். மீதிப் பேர் ஒப்புக்கொண்டார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முடிவு 2002-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வலியிலும் நடையிலும் பொய் அறுவையைவிட மற்ற இரண்டும் எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை.

'அது தேய்மானம், ஜவ்வுக் கிழிசல் வேறு' என்றார்கள். நியாயமான பேச்சு. அதைப் பின்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேய்மானம் இல்லாத, வயதால் ஜவ்வு நைந்த 146 பேர். பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு, பிளேடு கழற்றிய கருவியை முழங்கால் சில்லின்மேல் வைத்து அழுத்தி ஓட்டினார்கள். 2013-இல் வெளியிட்டபோது, ஓராண்டு கழித்தும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஆர்த்ராஸ்கோப்பே மோசடி என்று போய்ச் சொல்லிவிடாதீர்கள். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாதவர், விபத்தில் ஜவ்வு கிழிந்த இளைஞர் எல்லாம் இந்தப் பின்லாந்து ஆய்வில் சேராதவர்கள்.

விளையாட்டில் லிகமெண்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் இணைக்கிற நார், அறுந்தவர்களுக்கு? சுவீடனில் 121 இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். 62 பேருக்கு உடனே அறுவை, கூடவே பயிற்சி. 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. 2010-இல் வந்த முடிவில், இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே நிலை. ஐந்து ஆண்டு ஆனபோது, அந்த 59 பேரில் பாதிப் பேர் அறுவைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பாதி போகவேயில்லை. ஆனால் காத்திருந்தவர்கள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் கண்முன்னே மாதக்கணக்கில் தொடையை வலுவாக்கிக்கொண்டிருந்தார்கள். நம்மில் பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிற அதே பயிற்சிதான்.