டீப் பர்ப்பிள்: மார்க் 1, மார்க் 2 என்றால் என்ன? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் டீப் பர்ப்பிள் என்ற ராக் இசைக்குழு பற்றிப் பேசும்போது "இது மார்க் 2 காலத்து ஆல்பம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். ஒருவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மார்க் 2 என்றால் என்ன, எத்தனை மார்க் இருக்கிறது, இத்தனை பேர் வந்து போன பிறகும் அதை அதே பேண்ட் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்.

மார்க் என்பது ஆள் கணக்கு, அவ்வளவுதான். எந்த ஐந்து பேர் சேர்ந்து வாசித்தார்களோ அந்தச் சேர்க்கைக்கு ஒரு எண். ஒருவர் மாறினாலும் எண் கூடும். இதில் வேடிக்கை, பழைய ஐந்து பேரே திரும்பக் கூடினால் எண்ணும் பின்னால் போய்விடும். அதனால்தான் 1970இல் வந்த 'இன் ராக்' மார்க் 2, பதினான்கு வருடம் கழித்து 1984இல் வந்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பமும் மார்க் 2.

1968இல் இங்கிலாந்தில் தொடங்கியபோது கிதாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ், பேஸில் நிக் சிம்பர், பாடியவர் ராட் எவன்ஸ். அந்த வருடமே 'ஹஷ்' என்ற பாட்டு அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அது வேறொருவர் எழுதிய பாட்டு, எவன்ஸின் குரலும் வழவழப்பான குரல். பிளாக்மோருக்கு வேண்டியிருந்தது தொண்டை கிழியக் கத்தக்கூடிய ஆள். 1969இல் எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லனைக் கூட்டிவந்தார்கள், அவரோடு அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ரோஜர் குளோவரும் வந்து ஒட்டிக்கொண்டார். அதுதான் மார்க் 2.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. லார்ட் வாசித்த ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனை வழக்கமாக லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரில் இணைப்பார்கள், ஒலி அலையாடிக்கொண்டு இதமாக வரும். லார்ட் அதைக் கிதார்காரர்கள் வைத்திருக்கும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் கொண்டுபோய்ச் செருகினார். ஆர்கன் உறும ஆரம்பித்துவிட்டது. நிறையப் பேர் இரண்டாவது கிதார் என்று நினைத்துக் கேட்பது அந்த ஆர்கனைத்தான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1971 டிசம்பரில் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகருக்குப் போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த காசினோவில் பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4, அதே காசினோவில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் யாரோ ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரியின் மேல் புகை படர்ந்ததை இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு அதுதான், கற்பனை ஒன்றும் இல்லை. அப்புறம் வேறொரு அரங்கில் அந்தப் பாட்டின் இசையை மட்டும் பதிவு செய்தார்கள், அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் செய்து வாசலில் போலீஸ் வந்து நிற்க, அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதைகளில் மெத்தைகளை அடுக்கி ஆல்பத்தை முடித்தார்கள். வாசித்ததைக் கேட்க வெளியே நிற்கும் வண்டிக்குப் போக வேண்டும், அதற்கு அறை அறையாக, பால்கனி பால்கனியாகச் சுற்ற வேண்டும், அலுத்துப்போய்க் கேட்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்களாம்.

இவ்வளவு நன்றாகப் போனதை யார் கெடுத்தது என்றால், ஓய்வில்லாத பயணமும் கில்லன், பிளாக்மோர் இருவரின் முறைப்பும்தான். 1973இல் கில்லனும் குளோவரும் வெளியே. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, வெளியே யாருக்கும் தெரியாத டேவிட் கவர்டேல் பாடகராக வந்தார். டிரபீஸ் குழுவிலிருந்து வந்த கிளென் ஹ்யூஸ் பேஸும் வாசித்தார், பாடவும் செய்தார். இது மார்க் 3. 'பர்ன்' நல்ல ஆல்பம். பிறகு இசையில் ஃபங்க் என்ற, ஆடவைக்கும் தாள இசையின் வாடை ஏற ஏற, அது பிடிக்காத பிளாக்மோர் 1975இல் விலகி ரெயின்போ குழுவை ஆரம்பித்தார். அவர் இடத்துக்கு வந்த டாமி போலின் திறமைசாலி, ஆனால் போதைப் பழக்கம் விடவில்லை. 1976இல் குழு கலைந்தது, அதே வருடம் டிசம்பர் 4 அன்று 25 வயதில் அவர் இறந்தார். தேதியைக் கவனித்தீர்களா, காசினோ எரிந்த அதே நாள், ஐந்து வருடம் கழித்து.

நடுவில் ஒரு கூத்து. 1980இல் பழைய பாடகர் ராட் எவன்ஸ் சம்பந்தமே இல்லாத நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே கச்சேரி செய்யப் போக, வழக்கு போட்டு நிறுத்தினார்கள்.

1984க்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் 2 திரும்ப வந்தது, கில்லனை நீக்கினார்கள், ஜோ லின் டர்னர் பாடினார், கில்லன் மறுபடி வந்தார், 1993இல் பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் ஒரேயடியாகக் கிளம்பினார். சில மாதம் ஜோ சாட்ரியானி கைகொடுத்தார். பிறகு ஸ்டீவ் மோர்ஸ், சண்டை சச்சரவு இல்லாமல் 2022 வரை, ஏறக்குறைய 28 வருடம். பிளாக்மோரின் மொத்தக் காலத்தைவிட அதிகம், ஆனாலும் பேசுகிறவர்கள் பிளாக்மோரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பாவம். 2002இல் லார்ட் விலக டான் ஏரி வந்தார், இப்போது கிதாரில் சைமன் மெக்பிரைட். எண்ணிப் பார்த்தால் மார்க் 9.

அதே பேண்டா? முதல் நாளிலிருந்து இன்றுவரை இருப்பவர் டிரம்ஸ் இயன் பெய்ஸ் ஒருவர்தான், அதை வைத்து ஆமாம் என்பவர்கள் உண்டு. நான் ஆளைப் பார்ப்பதில்லை. கிதாரும் அந்த உறுமும் ஆர்கனும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கிறதா, அப்படியானால் எனக்கு அது டீப் பர்ப்பிள். டான் ஏரி அதை விட்டுக்கொடுக்கவில்லை. கவர்டேல் காலத்துக் கடைசி ஆல்பத்தில்தான், ஆட்களில் பாதிப் பேர் பழையவர்களாக இருந்தும், எனக்கு அது கேட்கவில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 1972இல் ஜப்பானில் பதிவான 'மேட் இன் ஜப்பான்' நேரடிக் கச்சேரியை ஹெட்போனில் போடுங்கள், கிதார் ஒரு காதில், ஆர்கன் இன்னொரு காதில் விழும்.