ஆறு மணி பஜ்ஜியும் ஐந்து வட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் 22 வருஷமாக அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருக்கிறேன். சம்பளம் வந்ததும் வீடு வீடாகப் போய் ஆர்.டி. பணம், அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்புப் பணம் வாங்கி, 15ஆம் தேதிக்குள் போஸ்ட் ஆபீசில் கட்டிவிடுவேன். அதனால் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்சம் தெரியும்.

ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் ஒரு பெண், இரண்டு மாதமாக ஆர்.டி. கட்டவில்லை. “எங்க போகுதுன்னே தெரியலக்கா” என்றார். சரி, போனை எடும்மா என்றேன். திண்ணையில் உட்கார்ந்து ஜிபே கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். 40, 60, 35, மறுபடியும் 60. எல்லாம் சாயங்காலம் ஐந்தே முக்காலிலிருந்து ஆறே காலுக்குள். எல்லாம் ஒரே பெயருக்கு. கம்பெனி வேன் இறக்கிவிடும் முனையில் இருக்கிற பஜ்ஜிக் கடை அது. கூட்டிப் பார்த்தால் அந்த மாதம் மட்டும் 1,340 ரூபாய். அவருடைய ஆர்.டி. 1,000 ரூபாய்தான்.

இதை ஊதாரித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவர், ஆறு மணிக்குப் பசியோடு இறங்குகிறார். எண்ணெய்ச் சட்டி எதிரிலேயே கொதிக்கிறது. போனைக் காட்டினால் போதும், நோட்டை எண்ணிக் கொடுக்கிற வலிகூட இல்லை. அந்த இடத்தில் நின்று மனசைக் கட்டுப்படுத்து என்றால் யாரால் முடியும்? பசியை அதற்கு முன்பே அடக்கிவிட வேண்டும். காலையில் டிபன் டப்பாவோடு ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையும் எடுத்துப் போகச் சொன்னேன். ஐந்து மணிக்கு வேனிலேயே சாப்பிட்டுவிடுகிறார். பஜ்ஜியை விடவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறார். அடுத்த மாதம் அந்தக் கடைக்குப் போனது 400 ரூபாய்க்குள்தான்.

எனக்குத் தவணைப் புடவைப் பழக்கம் இருந்தது. வாரம் 100 ரூபாய்தானே என்று வாங்கி வாங்கி, மடிப்புக் கலையாத புடவைகள் பீரோவில் ஏழு சேர்ந்துவிட்டன. பழைய தவணை அட்டையை முடித்த அன்றே புடவைக்காரரிடம், “அண்ணே, இனிமே தீபாவளிக்கு வாங்க, ரொக்கமா வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அட்டை கையில் இருக்கும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்னொன்று, எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்படுகிற விஷயம். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஒவ்வொரு வருஷமும் வைகாசி 1ஆம் தேதி. நாள் மாறாது. வீடு நிறைய உறவுக்காரர்கள், புதுத்துணி, கறிச் சாப்பாடு. முடிந்த கையோடு ஜூனில் பள்ளிக்கூடம். இரண்டும் வருவது தெரிந்திருந்தும் சித்திரை கடைசியில் ஐந்து வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். 10,000 வாங்கினால் மாதம் 500 வட்டி. அசலைத் தொடாமல் ஒரு வருஷம் ஓட்டினால் வட்டி மட்டும் 6,000. அதற்குள் அடுத்த வைகாசி வந்துவிடுகிறது. மாதம் 850 எடுத்து வைத்தால் பன்னிரண்டு மாதத்தில் 10,200 கையில் இருக்கும். பஜ்ஜிக் கடையில் மிச்சமான காசும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்று இருந்தால் நடக்காது. மிஞ்சி நான் பார்த்ததில்லை. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைக்க வேண்டும். திருவிழாப் பணத்தை ஆர்.டி.யில் போடாதீர்கள், அது 5 வருஷக் கணக்கு. அதற்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை மட்டும் போனில் ஜிபேயோடு சேர்க்காதீர்கள்.

ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 கட்டினால், 5 வருஷத்தில் நீங்கள் போட்ட 60,000 ரூபாய், 71,000-க்கு மேல் ஆகியிருக்கும். 12 தவணை கட்டி ஒரு வருஷம் முடிந்தபின் அவசரம் வந்தால், கட்டியதில் பாதிவரை அதன்மேலேயே கடன் வாங்கலாம். வெளியில் ஐந்து வட்டிக்குப் போய் நிற்க வேண்டாம். ஆதார், பான் கார்டு, போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்துப் போஸ்ட் ஆபீசுக்குப் போங்கள். முடிந்தால் 15ஆம் தேதிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.