சோர் பஜார் பாய் சொன்ன விலை

வணக்கம் நேயர்களே. பழைய ஹிந்தி சினிமா போஸ்டர் வியாபாரத்த பத்தி பேசச் சொல்லி கூப்ட்டிருக்காங்க, அந்தப் பேச்ச எடுத்தா மும்பைல பழைய சாமான் விக்கிற சோர் பஜார், அதுலயும் மட்டன் ஸ்ட்ரீட்லதான் போய் நிக்கணும். பித்தளை விளக்கு, கிராமபோன், கப்பல்ல இருந்து கழட்டின கடிகாரம்னு குவிஞ்சு கிடக்குற கடைகளுக்கு நடுவுல சில கடைல மடிச்ச பேப்பர் அடுக்கடுக்கா இருக்கும், அதுதான் நம்ம சரக்கு.

மொதல்ல ஒண்ணு யோசிங்க, போஸ்டர் அடிக்கிறதே செவுத்துல ஒட்டத்தான். பசை தடவி ஒட்டினா அடுத்த வாரம் அது மேலயே இன்னொரு படம் வந்துடும், அவ்ளோதான் அதோட ஆயுசு. இன்னைக்கு நம்ம கைக்கு வர்றதெல்லாம் ஒட்டாம மிஞ்சினது, விநியோகஸ்தர் ஆபீஸ்லயோ தியேட்டர் குடோன்லயோ மடிச்சபடியே தூங்கி, கடைசில எடைக்குப் போட்டு, அங்கருந்து வியாபாரி கைக்கு வந்தது. அதனால 1957ல வந்த மதர் இந்தியாவுக்கு ஒரு மடிப்பு கூட இல்லாம பளபளன்னு ஒரு போஸ்டர காட்டினா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

சரி, கடைக்கார பாய்கிட்ட "இது ஒரிஜினலா"ன்னு கேக்காதீங்க. கேட்டா ஆமான்னுதான் சொல்வாரு, அது பொய்யும் இல்ல. ஓடின ஹிந்திப் படங்கள திரும்பத் திரும்ப ரிலீஸ் பண்ணுவாங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா போஸ்டர் அடிப்பாங்க. முகல்-ஏ-ஆசம் 1960ல வந்துச்சு, கலர் ஏத்தி 2004ல மறுபடி வந்துச்சு, ரெண்டுக்கும் படக்காரங்களே அடிச்ச போஸ்டர்தான், ஆனா விலை மலைக்கும் மடுவுக்கும். கலர் படத்துது பாத்த உடனே தெரிஞ்சுடும், 1975 ஷோலே மாதிரி படத்துலதான் தலைசுத்தும், ஏன்னா மறு ரிலீஸ் போஸ்டருக்கும் வயசாயிடுச்சு, அதுவும் மஞ்சளாயிடுச்சு. அதனால "பாய், இது எந்த ரிலீஸுக்கு அடிச்சது"ன்னு கேளுங்க. நல்ல வியாபாரி அந்தக் கேள்விக்கே உங்கள உக்கார வச்சு டீ சொல்லுவாரு.

அப்புறம் முழு டூப்ளிகேட். பழைய போஸ்டர போட்டோ எடுத்து பிரிண்ட் போடுறாங்க, டீ டிகாஷன் தடவி வயசு ஏத்துறாங்க. இத கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு இந்த வேலைலயே ரொம்ப பிடிச்சது. போட்டோ எடுக்குறப்போ பழைய மடிப்புக் கோடும் சேந்து பதிஞ்சுடும், கண்ணுக்கு மடிப்பு தெரியும் ஆனா விரல வச்சு தடவினா வழவழன்னு இருக்கும். கீழ ஓரத்துல பொடி எழுத்துல பிரஸ் பேரு இருக்கும் பாருங்க, காப்பில அது மசமசன்னு கலங்கிப் போயிருக்கும். பூதக்கண்ணாடி கொண்டு போங்க. அம்பதுகள்ல லித்தோல, அதாவது கல்லுலயோ தகட்டுலயோ கையால வரைஞ்சு அடிக்கிற முறைல, அடிச்சதுன்னு சொல்ற போஸ்டர்ல மூஞ்சிய பெருசு பண்ணிப் பாத்தா சாக்பீஸ் தேச்ச மாதிரி சொரசொரப்பு இருக்கணும், வரிசையா புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது லித்தோ இல்ல. எழுபதுகள் போஸ்டருக்கு இந்தப் பரீட்சை செல்லாது, அப்ப படத்த போட்டோ மூலமா தகட்டுல ஏத்தி அடிக்கிற ஆப்செட் வந்தாச்சு, அதுல புள்ளி இருக்கத்தான் செய்யும். பின்பக்கமும் திருப்பிப் பாருங்க, தானா பழுத்த பேப்பர் ஓரத்துலயும் மடிப்புலயும்தான் மொதல்ல பழுக்கும், டீ தடவினது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும்.

இவ்ளோ சொல்றேனேன்னு வியாபாரிங்க எல்லாம் திருடங்கன்னு நினைக்காதீங்க, அவங்க எடைக்கடைல இருந்து எடுத்து வைக்கலைன்னா இதெல்லாம் என்னைக்கோ கூழாகி அட்டைப்பெட்டியா போயிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பாய் ஓட்டை, கிழிசல், பின்னாடி ஒட்டின டேப்புன்னு எல்லாத்தையும் அவரே தொட்டுக் காட்டிட்டுதான் விலைய சொல்வாரு, ஆனா சொன்ன விலைல இருந்து எறங்கவே மாட்டாரு மனுஷன். வேற சிலர் பாதிக்குப் பாதி குறைப்பாங்க, அப்படி குறைக்கிறப்பதான் எனக்கு வயித்த கலக்கும்.

மொத்தமா ஒரு கட்டா எடுத்தாதான் தருவேன்னு சொல்றவங்களும் உண்டு. அமிதாப் படம் ஒண்ணுக்காக பேர் தெரியாத பத்து படத்த சேத்து வாங்கணும். இதுல ஒரு வேடிக்கை, ஒரு காலத்துல சீண்ட ஆள் இல்லாத ராம்சே பிரதர்ஸ் பேய்ப்படப் போஸ்டருக்கு இப்ப வெளிநாட்டுலயே ஆள் இருக்கு. நம்ம ஜெமினி வாசனோட 1948 சந்திரலேகா ஹிந்தியிலயும் போட்டாங்களே, அது எந்தக் கட்டுலயாவது வராதான்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

விலை பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி இத கேட்டுப் பாருங்க: "பாய், அடுத்த வருஷம் இதையே திருப்பிக் கொண்டு வந்தா எவ்வளவுக்கு எடுப்பீங்க?" பாதி விலை சொன்னா அது நியாயம்தான், கடை வாடகை அவரும் குடுக்கணும்ல. பேச்ச மாத்தி வேற போஸ்டர விரிக்க ஆரம்பிச்சாருன்னா நீங்க கெளம்பிடலாம்.

வாங்கிட்டா தயவு செஞ்சு லேமினேஷன் மட்டும் போடாதீங்க, போட்டா அப்புறம் எந்த வியாபாரியும் கைல தொட மாட்டான். மட்டன் ஸ்ட்ரீட்டுக்கு வெள்ளிக்கிழமை போனா ரோட்டுல ஜும்மா சந்தைதான் இருக்கும், போஸ்டர் கடைக்காரங்க நிறைய பேர் அன்னைக்கு லீவு, வேற நாளா பாத்துப் போங்க. வரட்டுமா, வணக்கம்.