கோழிச் சாக்கும் கான்ஸ்டபிளும்

வணக்கம் நேயர்களே. விக்டோரியா காலத்து இங்கிலாந்துக் கிராமங்களில் கோழி திருடுவதைவிட, திருடியதை நிரூபிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. கூட்டுக்குள் கைவிட்டு, கூச்சல் எழுமுன் கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டுவிடலாம். பெருவாத்து மட்டும் ஊரையே எழுப்பிவிடும். இறகைப் பறித்த பிறகு, "இது என் கோழி" என்று எதைக் காட்டிச் சொல்வது?

அதனால் கான்ஸ்டபிள் தேடியது இறகையும் அறுத்த தலையையும் பூட்ஸ் தடத்தையும்தான். தோட்டத்தில் கிடந்த தலை, சந்தேக ஆளின் வீட்டிலுள்ள உடலோடு வெட்டு வாயில் பொருந்துகிறதா? அடிப்பாகத்தில் ஆணி அடித்த பூட்ஸ் அது. எந்த ஆணி விழுந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று தடத்தில் எண்ணிவிடலாம். ஆனால் பூட்ஸைப் பழைய தடத்துக்குள் வைத்துப் பார்த்தால் சாட்சியே கெட்டுவிடும். பக்கத்தில் புதுத் தடம் பதித்துத்தான் ஒப்பிட வேண்டும். மழை வருவதற்குள்!

இந்தக் கான்ஸ்டபிள்களே எல்லா ஊரிலும் இருந்ததில்லை. 1839 சட்டம், விரும்பிய கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) காவல்படை வைத்துக்கொள்ளலாம் என்றது. அதிலும் ஆயிரம் பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது. 1856இல்தான் கட்டாயமாயிற்று. அரசு இன்ஸ்பெக்டரின் ஆய்வுக்குப் பிறகு படை திறமையானது என்று சான்று கிடைத்தால், சம்பளத்திலும் உடையிலும் கால் பங்கை அரசு ஏற்றது. 1874 முதல் அரைப் பங்கு. இரவு ரோந்து நடைதான். பக்கத்து ரோந்துக்காரரைக் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் சந்திக்க வேண்டும். தூங்காமல் இருக்கிறாரா என்று மேலதிகாரி பார்க்க அது வசதி. அந்த நேரம் திருடனுக்கும் தெரிந்துவிட்டால் அவனுக்கும் வசதிதான்.

வழக்கு நடத்துவது பறிகொடுத்தவரின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் நீதிமன்றமான குவார்ட்டர் செஷன்ஸுக்குக் காத்திருக்கவும் வேண்டும். கோழிக்காக யார் அலைவார்? 1855இல் வழி பிறந்தது: 5 ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டை, குற்றம்சாட்டப்பட்டவர் சம்மதித்தால், உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளே விசாரித்து மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். 1879இல் வரம்பு 40 ஷில்லிங் ஆனது.

1862 சட்டத்தைக் கவனியுங்கள். சாலையில் போகிறவரை நிறுத்திச் சாக்கையும் வண்டியையும் சோதிக்க அது போலீசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் தேட வேண்டியது நிலப்பிரபுவின் நிலத்தில் திருட்டுத்தனமாக வேட்டையாடிய முயல், ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை, கௌதாரி. கோழி அந்தப் பட்டியலில் இல்லை. யாருக்காகச் சட்டம் போட்டார்கள் என்று விளக்கவே வேண்டாம்.

கோழி வளர்த்தவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குஞ்சிலேயே விரலிடைச் சவ்வில் சிறு வெட்டோ துளையோ போடுவது. இறகு போனாலும் அந்தக் குறி போகாது. கால்களையே திருடன் வெட்டியெறிந்துவிட்டால் அதுவும் போச்சு.